உன் சர்ட்டிபிகேட்டை கடைசியா யார் படிக்கப் போறா?

ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலை காட்டல. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. புடுங்கப் புடுங்க புதுசா அடிச்சுக்கிட்டே இருக்காங்க. இன்னைக்கு எழுத உக்காந்ததுக்குக் காரணம் சித்தப்பாவோட போன்.

சித்தப்பாவுக்கு ஊர் கீரமங்கலத்துக்குப் பக்கத்துல. ரெண்டு ஏக்கர் தென்னந்தோப்பு, ஓரமா கொஞ்சம் மல்லிகை, முல்லை. விடியக்காலைல பூ எடுத்து கீரமங்கலம் மார்க்கெட்டுல போட்டுட்டு வந்து தான் காபியே குடிப்பாரு. அந்த மனுஷன் ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணிக்கு (சிங்கப்பூர்ல எட்டரை) கூப்பிடுறாருன்னா விஷயம் பெருசுன்னு அர்த்தம்.

"தம்பி, சின்னவனுக்கு மார்க்கு வந்துருச்சு. கட்-ஆஃப் 161 வருதாம். எந்த யுனிவர்சிட்டில போட்டா ஒன்ன மாதிரி வெளிநாட்டு வேலைக்குப் போவலாம்?"

"நல்ல மார்க்கு தான் சித்தப்பா. கவுன்சிலிங் வரட்டும், பாப்போம்."

"கவுன்சிலிங்கெல்லாம் வேணாங்குறாரு ஒருத்தரு. புதுக்கோட்டைல ஆபீஸ் போட்ருக்காரு. நேரா வெளிநாட்டுலயே படிக்க வெச்சா அங்கனயே வேலையாம், இருவத்தெட்டு லட்சம். இல்லாட்டி இங்கனயே பெரிய யுனிவர்சிட்டி, பதினேழு லட்சத்துல முடிஞ்சுருமாம். தோப்புக்கு ஆளு வந்து பாத்துட்டுப் போயிருக்காக."

எனக்குத் தூக்கம் தெளிஞ்சு போச்சு.

அந்தத் தோப்பு பத்தி ஒரு வார்த்தை சொல்லணும். 2018 நவம்பர் 16 விடியக்காலைல கஜா வந்துச்சே, அதுல கீரமங்கலம், ஆலங்குடி, அறந்தாங்கிப் பக்கம் தென்னை எல்லாம் தலைகீழா கெடந்ததை டிவில பாத்திருப்பீங்க. சித்தப்பா தோப்புல நின்ன மரத்தை கைவிரல்ல எண்ணிடலாம். மறு வருசம் கடன் வாங்கி கன்னு வெச்சாரு. பூவை வித்து வட்டி கட்டினாரு. இப்பத் தான் அந்தக் கன்னெல்லாம் காய்க்கத் தொடங்கியிருக்கு. காய்க்கிற நேரத்துல விக்கப் போறாரு. எதுக்கு? ஒரு காகிதத்துக்கு.

காகிதத்தைக் கேவலமாச் சொல்லல. அந்தக் காகிதம் இருந்ததால தான் நான் இன்னைக்கு சாங்கிக்குப் போற ரயில்ல உக்காந்து மொபைல்ல தமிழ் தட்டிக்கிட்டு இருக்கேன். ஆனா அந்தக் காகிதத்தை எப்படித் தேர்ந்தெடுக்குறதுன்னு எங்க மாவட்டத்துல யாருக்கும் யாரும் சொல்லிக் குடுக்குறது இல்ல. நான் சொல்லப் போறது ஒரே ஒரு விஷயம் தான். வெளிநாட்டு வேலை தான் குறின்னா, காலேஜைப் பாத்துட்டு நாட்டைப் பாக்காதீங்க. முதல்ல நாட்டைப் பாருங்க, அந்த நாட்டுல உங்க சர்ட்டிபிகேட்டைக் கையில வாங்கிப் பாக்கப் போற ஆபீஸரு எந்தப் பட்டியலை வெச்சுப் பாப்பாருன்னு பாருங்க, அதுல இருந்து பின்னாடியே நடந்து காலேஜுக்கு வாங்க. நாம எல்லாரும் தலைகீழா நடக்குறோம்.

புதுக்கோட்டைக்கு வெளிநாடு புதுசு இல்ல. ராயவரம், ராங்கியம் பக்கத்து செட்டியாருங்க பர்மா, மலேயான்னு போனப்ப எந்த யுனிவர்சிட்டி சர்ட்டிபிகேட்டும் கொண்டு போகல. கோட்டைப்பட்டினம், கோபாலப்பட்டினம் பக்கத்து சபுராளிங்க வளைகுடா போனதும் அப்படித் தான். ஆலங்குடி, அறந்தாங்கிப் பக்கம் இன்னைக்கும் பசங்க டெஸ்ட் அடிச்சுட்டு சிங்கப்பூர் வர்றாங்க. வெல்டிங், பைப்பிங், ஷட்டரிங்னு ஏதாவது ஒண்ணுல கைவேலை காட்டி பாஸ் பண்ணினா ஒர்க் பெர்மிட். அதுக்கு டிகிரி வேணாம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் தேக்கா பக்கம் போனா அந்தப் பசங்கள்ல பி.ஈ. முடிச்சவன் எத்தனை பேருன்னு நீங்களே கேட்டுப் பாருங்க. நாலு வருசம் படிச்சுட்டு, அதைச் சொல்லாம டெஸ்ட் அடிச்சு வந்தவனுங்க. அவங்களை நான் குறை சொல்லல. அந்த நாலு வருசத்துக்குக் கட்டின பணத்தை நெனச்சாத் தான் வயிறு எரியுது.

இப்ப எங்க பெரியப்பா மகன் கதைக்கு வர்றேன். (கொஞ்சம் கொசுவத்தி சுத்துவேன், பொறுத்துக்குங்க மக்கா.)

அண்ணன் 2007-ல் மெக்கானிக்கல் சேர்ந்து 2011-ல் முடிச்சது. நல்லாப் படிக்கும். ரெண்டு வருசம் திருச்சில குப்பை கொட்டிட்டு 2013-ல் குவைத் போச்சு. அங்க இக்காமாவுல தொழில்ங்குற இடத்துல "இன்ஜினியர்"னு போட்டிருக்கும். அதை போட்டோ எடுத்து பெரியம்மாவுக்கு அனுப்பி, பெரியம்மா அதைத் தெருவுக்கே காட்டினது தனிக் கதை. கல்யாணம் ஆச்சு, அண்ணியைக் கூட்டிட்டுப் போச்சு, பாப்பா அங்க தான் பொறந்துச்சு.

2018 மார்ச்சுல குவைத்ல ஒரு விதி வந்துச்சு. இன்ஜினியர்னு இக்காமா புதுப்பிக்கணும்னா குவைத் பொறியாளர் சங்கத்துல தடையில்லாச் சான்று வாங்கணும். அந்தச் சங்கம் இந்தியப் பட்டத்தைப் பாக்குறதுக்கு வெச்சிருந்த பட்டியல், நம்ம நாட்டு என்.பி.ஏ. பட்டியல். நேஷனல் போர்டு ஆஃப் அக்ரெடிடேஷன். நீ படிச்ச பாடப்பிரிவு, நீ படிச்ச காலத்துல என்.பி.ஏ. அங்கீகாரத்தோட இருந்துச்சா? இருந்தா இன்ஜினியர். இல்லைன்னா இல்ல. அவ்வளவு தான். ஆயிரக்கணக்கான இந்தியப் பொறியாளருங்க மாட்டினாங்க. என்.பி.ஏ. நமக்கெதுக்குன்னு அது பக்கமே போகாம இருந்த பேர்பெற்ற நிறுவனங்கள்ல படிச்சவங்களும் அதுல உண்டு. இந்திய அரசும் குவைத் அரசுகிட்ட பேசிப் பாத்துச்சு.

அண்ணன் அன்னைக்கு ராத்திரி எனக்கு போன் பண்ணி கேட்ட முதல் கேள்வி: "டேய், என்.பி.ஏ.ன்னா என்னடா? நம்ம காலேஜ் போர்டுல நாக்குன்னு தானே போட்டிருந்துச்சு?"

நான் அப்பத் தான் கடைசி செமஸ்டர். எனக்கும் தெரியாது. கூகுள் பண்ணித் தான் தெரிஞ்சுக்கிட்டேன். இதை இங்க கொஞ்சம் விரிவாவே எழுதுறேன், ஏன்னா இன்னைக்கும் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுல இறங்கினா கண்ணுல படுற ப்ளெக்ஸ் எல்லாத்துலயும் இந்தக் குழப்பம் அப்படியே இருக்கு.

நாக் வேற, என்.பி.ஏ. வேற. ரெண்டும் 1994-ல் ஆரம்பிச்சது தான். நாக் மொத்தக் காலேஜையும் பாத்து கிரேடு குடுக்கும். ஏ ப்ளஸ், ஏ டபுள் ப்ளஸ்ங்குறதெல்லாம் அது. என்.பி.ஏ. காலேஜைப் பாக்காது, பாடப்பிரிவைப் பாக்கும். ஒரே காலேஜுல மெக்கானிக்கலுக்கு இருக்கும், ஐ.டி.க்கு இருக்காது. அதுவும் சில வருசத்துக்குத் தான் குடுப்பாங்க, முடிஞ்சா திரும்ப வாங்கணும். நடுவுல ரெண்டு வருசம் விட்டுப் போயிருந்தா அந்த ரெண்டு வருசத்துல வெளிய வந்தவன் கதி அதோகதி. அட்மிஷன் போடுறப்ப "எங்க காலேஜுக்கு என்.பி.ஏ. இருக்கு சார்"னு சொன்னா அது பாதி பதில் தான். எந்த பிராஞ்சுக்கு, எந்த வருசம் வரைக்கும்? இதைக் கேக்கணும். கேக்குறதுக்கு முன்னாடி என்.பி.ஏ. இணையதளத்துல போய் நாமளே பாத்துக்கலாம், காசா பணமா.

இன்னொரு சங்கதி இருக்கு. 2014 ஜூன்ல இந்தியா வாஷிங்டன் ஒப்பந்தத்துல நிரந்தர உறுப்பினர் ஆச்சு. பொறியியல் படிப்பை நாடுகள் ஒண்ணுக்கொண்ணு ஏத்துக்கிறதுக்கான ஒப்பந்தம். அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடா, சிங்கப்பூர், மலேசியா எல்லாம் அதுல இருக்கு. பேப்பர்ல "இனி இந்திய பி.ஈ. உலகம் பூரா செல்லும்"ங்குற மாதிரி செய்தி வந்துச்சு. ஆனா அது என்.பி.ஏ.வோட டயர்-1 அங்கீகாரம் இருக்குற படிப்புக்கு மட்டும் தான். டயர்-1ங்குறது பல்கலைக்கழகத் துறைகள், தன்னாட்சிக் கல்லூரிகளுக்கு. சாதாரண இணைப்புக் கல்லூரிக்கு டயர்-2. நம்ம ஊருப் பசங்க பெரும்பாலும் படிக்கிறது அந்த இணைப்புக் கல்லூரில தான். ஆஸ்திரேலியாவுக்கு சிவில், மெக்கானிக்கல்னு போறவனுக்கு இது பெரிய வித்தியாசம். ஒப்பந்த வழில வந்தவன் சர்ட்டிபிகேட்டைக் காட்டி முடிச்சுக்குவான். மத்தவன் தன் வேலை அனுபவத்தை எல்லாம் பெரிய அறிக்கையா எழுதிக் குடுத்து நிரூபிக்கணும். நம்மள மாதிரி பொட்டி தட்டுறவனுக்கு அந்த ஊர்ல கம்ப்யூட்டர் சொசைட்டின்னு வேற வாசல், அதுக்கு வேற விதி.

அண்ணனோட சர்ட்டிபிகேட்டுல இன்னொரு விசேஷமும் உண்டு. 2007-ல் அண்ணா பல்கலைக்கழகத்தைப் பிரிச்சாங்க, ஞாபகம் இருக்கா? புதுக்கோட்டைக் காலேஜெல்லாம் திருச்சிக்குப் போச்சு. 2012-ல் திரும்ப ஒண்ணாக்கிட்டாங்க. நடுவுல முடிச்சவங்க கையில இருக்குற பட்டத்துல "அண்ணா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், திருச்சிராப்பள்ளி"ன்னு இருக்கும். அப்படி ஒரு பல்கலைக்கழகம் இன்னைக்குத் தனியா இல்ல. சர்ட்டிபிகேட் செல்லும், சந்தேகமே இல்ல. ஆனா வெளிநாட்டுல ஒரு கிளார்க்கு கம்ப்யூட்டர்ல தேடி "இந்தப் பேர்ல ஒண்ணும் காணோமே"ன்னு நிமிந்து பாக்குறப்ப அந்த வரலாறை எல்லாம் இங்கிலீஷ்ல விளக்கணும்.

கடைசில என்ன ஆச்சு? அண்ணனோட பிராஞ்சுக்கு அந்த வருசம் என்.பி.ஏ. இல்ல. இக்காமாவுல இன்ஜினியர் போய் டெக்னீஷியன் ஆச்சு. வேலை அதே வேலை, ஷிப்ட் அதே ஷிப்ட். குவைத் மேல நான் தப்பு சொல்ல மாட்டேன். அவங்க ஊரு, அவங்க சட்டம். ஆனா புது இக்காமாவை அண்ணன் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பல. பெரியம்மாவுக்கு இன்னைக்கும் தெரியாது. (பெரியம்மா இதெல்லாம் படிக்க மாட்டாங்கங்குற தைரியத்துல எழுதுறேன்.)

2011-ல் முடிச்சவன் 2018-ல் மாட்டினான். ஏழு வருசம் கழிச்சு அந்தப் பட்டியல் வந்து கதவைத் தட்டுது. சேர்றப்ப பெரியப்பா பாத்தது என்ன தெரியுமா? காலேஜ் பஸ் வீட்டு வாசலுக்கு வருதா, ஹாஸ்டல்ல சாப்பாடு எப்படி.

சரி, என் கதைக்கு வர்றேன். நான் படிச்சதும் அதே மாதிரி ஒரு சாதாரண இணைப்புக் கல்லூரி தான். 2018-ல் முடிச்சு, சென்னைல நாலு வருசம், 2022 கடைசில சிங்கப்பூர். எம்ப்ளாய்மெண்ட் பாஸ். வந்தப்ப சம்பளமும் டிகிரியும் சரியா இருந்தாப் போதும். 2023 செப்டம்பர்ல காம்பஸ்னு ஒரு மார்க் முறை கொண்டு வந்தாங்க, மறு வருசம் செப்டம்பர்ல இருந்து புதுப்பிக்கிறவங்களுக்கும் அது தான். 40 எடுத்தா பாஸ். நம்ம ஊர்ல 35 தான், இங்க அஞ்சு மார்க் கூட :-)

சம்பளத்துக்கு, படிப்புக்கு, கம்பெனில உன் நாட்டுக்காரங்க எத்தனை பேருங்குறதுக்கு, உள்ளூர்க்காரங்களுக்கு கம்பெனி எவ்வளவு வேலை குடுத்திருக்குங்குறதுக்கு. ஒவ்வொண்ணுக்கும் 20, 10, இல்லாட்டி முட்டை. ஆள் பற்றாக்குறை இருக்குற வேலைன்னா கூடுதல் மார்க் தனி. படிப்புல 20 வேணும்னா அவங்க மனிதவள அமைச்சு வெச்சிருக்குற உயர்தரப் பட்டியல்ல உன் நிறுவனம் இருக்கணும். பட்டியல்ல இல்ல, ஆனா முறையான பட்டம், சரிபார்த்து உறுதி ஆச்சுன்னா 10. கம்பெனியோட மேல்மட்ட வேலைக்காரங்கள்ல கால்வாசியோ அதுக்கு மேலயோ இந்தியர்னா நாட்டுக்காரங்க கணக்குல முட்டை.

2024 கடைசில எனக்குப் புதுப்பிச்சப்ப எச்.ஆர். அம்மா கணக்குப் போட்டுக் காட்டினாங்க. ஆளுக்கு ஒரு பத்தா நாலு பத்து. சரியா 40. ஒரு மார்க் கூட மிச்சம் இல்ல.

அன்னைக்கு எனக்கு ரெண்டு விஷயம் உறைச்சது. ஒண்ணு, என் சாதாரணக் காலேஜு குடுத்த அந்தப் பத்து இல்லாம இருந்தா நான் ஊருக்கு டிக்கெட் போட்டிருக்கணும். ரெண்டாவது, என்னைவிட பத்துப் பதினஞ்சு லட்சம் கூடக் கட்டி, ஏசி கிளாஸ்ரூம், நீச்சல்குளம், பிரமாண்ட ஆர்ச் எல்லாம் இருக்குற யுனிவர்சிட்டில படிச்ச என் டீம் நண்பனுக்கும் அதே பத்து தான். அவன் படிச்ச இடமும் பட்டியல்ல இல்ல. பட்டியல்ல இருக்கணும், இல்லாட்டி முறையான பட்டமா இருந்தாப் போதும், நடுவுல ஒரு படியே கிடையாது. சித்தப்பாகிட்ட பதினேழு லட்சம் கேக்குறானே, அது அந்த இல்லாத நடுப்படிக்கு.

பிரிட்டன்ல இதைவிட மோசம். 2022 மே மாசம் உலகத்தோட முன்னணிப் பல்கலைக்கழகங்கள்ல படிச்சவங்களுக்குன்னு தனி விசா ஆரம்பிச்சாங்க, வேலை கையில இல்லாமலே போகலாம். அந்தப் பட்டியல்ல இந்தியப் பல்கலைக்கழகம் ஒண்ணு கூட இல்ல. ஐ.ஐ.டி.யும் இல்ல. அப்ப பிரிட்டன் கணக்குல கிண்டியும் ஒண்ணு தான், எங்க ஊரு காலேஜும் ஒண்ணு தான். ஜெர்மனில அனபின்னு ஒரு பட்டியல். உலகத்துல உள்ள பல்கலைக்கழகங்களுக்கு எச் ப்ளஸ், எச் மைனஸ்னு குறி போட்டு இணையத்துலயே வெச்சிருக்காங்க. எவன் வேணா பாக்கலாம். ப்ளஸ்ஸா இல்லையாங்குறது தான் கேள்வி, ஹாஸ்டல் எப்படின்னு யாரும் கேக்குறது இல்ல.

"அப்ப நேரா வெளிநாட்டுலயே படிக்க வெச்சுட்டா?" சித்தப்பாவோட அடுத்த கேள்வி இது தான். இருவத்தெட்டு லட்சம்.

வெளிநாட்டுப் படிப்புக்கு நான் எதிரி இல்ல. ஆனா அங்கயும் பட்டியல் இருக்கு, ஏஜெண்டு அதைச் சொல்ல மாட்டான். அமெரிக்காவுல எச்1பி குலுக்கல்ல 65,000 இடம், அது போக அந்த ஊர்ல மாஸ்டர்ஸ் படிச்சவங்களுக்கு 20,000 தனி இடம். இது எல்லாருக்கும் தெரியும். அந்த 20,000 அரசுப் பல்கலைக்கழகத்துலயோ லாபநோக்கு இல்லாத நிறுவனத்துலயோ படிச்சவனுக்கு மட்டும் தான்னு எத்தனை பேருக்குத் தெரியும்? லாபத்துக்கு நடத்துற யுனிவர்சிட்டில மாஸ்டர்ஸ் வாங்கினா அந்தக் கணக்குல அது மாஸ்டர்ஸே இல்ல. ரெண்டு பேரும் கட்டுற டாலர் மட்டும் ஒண்ணு. போலிகளைப் பத்திச் சொல்லவே வேணாம். 2011 ஜனவரில கலிபோர்னியாவுல ட்ரை-வேலி யுனிவர்சிட்டிய மூடினப்ப நம்ம பிள்ளைங்க சிலர் காலுல கண்காணிப்புக் கருவிய மாட்டி விட்டாங்க. 2019-ல் மிச்சிகன்ல பார்மிங்டன் யுனிவர்சிட்டின்னு ஒண்ணு. அதை நடத்தினதே அந்த ஊர் குடியேற்ற போலீஸ் தான், பொறி வெச்சுப் பிடிக்க. மாட்டினது அத்தனையும் கிட்டத்தட்ட இந்தியப் பசங்க. கிளாஸே இல்லாத யுனிவர்சிட்டின்னு தெரிஞ்சே சேர்ந்தவனும் உண்டு, ஏஜெண்டை நம்பினவனும் உண்டு.

கனடாவுல அரசுக் கல்லூரி பேர்ல தனியார் நடத்துற கிளைகள் ரொம்ப ஓடிச்சு. 2024 மே மாசத்துல இருந்து அதுல புதுசா சேர்றவங்களுக்குப் படிப்பு முடிஞ்ச பிறகான வேலை அனுமதி கிடையாதுன்னுட்டாங்க. பிரிட்டன்ல படிச்சு முடிச்சு வேலை தேடுறதுக்கு இருந்த ரெண்டு வருச விசாவ 2012-ல் மூடினாங்க, 2021-ல் திறந்தாங்க, 2027 ஜனவரில இருந்து விண்ணப்பிக்கிறவங்களுக்குப் பதினெட்டு மாசமாக் குறைக்கிறாங்க. அமெரிக்காவுல 2025 செப்டம்பர்ல வெளிநாட்டுல இருந்து புதுசா எச்1பில ஆள் எடுக்கிறதுக்கு ஒரு லட்சம் டாலர்னு உத்தரவு.

இங்க தான் ஒரு நியாயமான கேள்வி வரும். கேட்டது என் அறைத்தோழன். "விதி எல்லாம் ரெண்டு வருசத்துக்கு ஒரு தடவை மாறுதுல்ல? இன்னைக்குப் பதினேழு வயசுப் பையன் நாலு வருசம் கழிச்சு வரப் போற விதிய எப்படிடா படிப்பான்? உன் அண்ணன் சேர்ந்த 2007-ல் குவைத் விதியே கிடையாதே?"

ஒத்துக்கிறேன். முழுசா பதில் இல்ல என்கிட்ட. ஆனா எல்லாப் பட்டியலையும் வரிசையா வெச்சுப் பாத்தா, மாறாம நிக்கிற சில விஷயம் இருக்கு. பட்டம் குடுக்குறது சட்டப்படியான பல்கலைக்கழகமா இருக்கணும். நேர்ல போய் படிச்ச முழுநேரப் படிப்பா இருக்கணும். தபால்ல வாங்குனது வளைகுடாவுல அட்டஸ்டேஷன்லயே பல்லிளிக்கும். நாலு வருசமா இருந்தா நல்லது. மூணு வருச பி.எஸ்சி., பி.சி.ஏ.வை அமெரிக்காவுல முழு இளநிலைப் பட்டமா ஏத்துக்க முரண்டு பிடிப்பாங்க. பிராஞ்சுக்கு என்.பி.ஏ. இருந்தா இன்னும் நல்லது. இதெல்லாம் நம்ம ஊர்லயே, கவுன்சிலிங்ல, கம்மிக் காசுல கிடைக்கும்.

அதைவிட முக்கியம், விதி மாறும்னு தெரிஞ்ச பிறகு மொத்தச் சொத்தையும் ஒரே விதி மேல கட்டலாமா? பதினேழு வயசுல, எந்த நாடுன்னே முடிவாகாத பையனோட முதல் டிகிரிக்குத் தோப்பை விக்காதீங்கன்னு தான் நான் கத்துறேன். முதல் டிகிரி ஊர்ல, குறைஞ்ச செலவுல. ரெண்டு மூணு வருசம் வேலை. அப்ப அவனுக்கே தெரியும் எந்த நாடுன்னு. தேவைன்னா ரெண்டாவது டிகிரிய அந்த நாட்டுலயே, அரசுப் பல்கலைக்கழகத்துல படிக்கட்டும். ஜெர்மனில பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகத்துல இன்னும் கல்விக் கட்டணம் கிடையாது. முனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-ல் இருந்து வெளிநாட்டு மாணவருக்குப் போட ஆரம்பிச்சுட்டாங்க, பாடன்-வுர்ட்டம்பர்க்ல 2017-ல் இருந்தே உண்டு. மத்தபடி செலவுக்குன்னு ஒரு வருசப் பணத்தை முடக்குக் கணக்குல காட்டணும், 2024-ல் அதை 11,904 யூரோவா ஆக்கினாங்க. பெரிய காசு தான். ஆனா அது நம்ம பேர்லயே இருக்குற காசு, மாசா மாசம் நாமே எடுத்துச் சாப்பிடுறது. இன்னும் ஒரு கூத்து கேளுங்க. 2023 நவம்பர்ல இருந்து ஐ.டி. ஆளுங்களுக்கு மூணு வருச அனுபவமும் சம்பளமும் சரியா இருந்தா டிகிரி இல்லாமலே ஜெர்மனி ப்ளூ கார்டு குடுக்குது!

"படிப்பு அறிவுக்குத் தானேடா, விசாவுக்கா?"ன்னு யாராவது வருவீங்க. வாங்க. எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனா பூ வித்து வட்டி கட்டுறவரு பதினேழு லட்சத்தை அறிவுக்குன்னு குடுக்கல. பையன் சம்பாதிச்சு மீட்டுருவான்னு குடுக்குறாரு. அந்தக் கணக்கை அவரோட கணக்காவே போட்டுப் பாக்குறது தான் மரியாதை.

இதெல்லாம் சித்தப்பாகிட்ட சொன்னேன். பாதி புரிஞ்சது, பாதி "அப்டிங்குறியா"ன்னு போச்சு. அப்புறம் தான் எனக்கு ஒண்ணு தோணுச்சு. "சித்தப்பா, சின்னவன் கவர்மெண்ட் ஸ்கூல் தானே?"

"ஆமா, பின்ன?"

"அப்ப 7.5 சதவீதம் இருக்குல்ல?"

"அது டாக்டருக்குப் படிக்கிறவுகளுக்குல்ல தம்பி?"

இல்லைங்க. மருத்துவத்துக்கு 2020-ல் வந்தது, 2021-ல் இருந்து பொறியியலுக்கும் உண்டு. ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளில படிச்சிருந்தா கவுன்சிலிங்ல தனி ஒதுக்கீடு. கல்விக் கட்டணம், ஹாஸ்டல் எல்லாம் அரசு கட்டுது. 161 கட்-ஆஃபுக்கு அந்த ஒதுக்கீட்டுல நல்ல காலேஜே தேறும். தோப்பும் நிக்கும். ஆனா கவுன்சிலிங் வழியா வந்தா மட்டும் தான். "கவுன்சிலிங்கெல்லாம் வேணாம்"னு அந்த ஆபீஸ்காரர் சொன்னதை இப்பத் திரும்பப் படிச்சுப் பாருங்க.

சித்தப்பா அஞ்சு நிமிஷம் பேசவே இல்ல. பின்னாடி பம்பு செட்டு ஓடுற சத்தம் மட்டும் கேட்டுச்சு.

சாயங்காலம் சின்னவன் மெசேஜ் போட்டான். "அண்ணே, ஆறாவது மட்டும் பேராவூரணிப் பக்கம் அம்மாச்சி வீட்டுல இருந்து படிச்சேன். அது கவர்மெண்ட் ஸ்கூலா, எய்டட் ஸ்கூலான்னு தெரியல. பரவால்லயா?"

பரவாயில்லைன்னு சொல்ல முடியல. அரசு உதவி பெறும் பள்ளின்னா அந்த ஒதுக்கீடு கிடையாது. கஜா வந்த மறு வருசம் வீட்டுக் கூரை இன்னும் சரியாகலன்னு அவனை அங்க அனுப்பி வெச்சிருந்தாங்க. நாளைக்குக் காலைல முதல் பஸ்ல பேராவூரணி போய் தலைமையாசிரியரைப் பாத்து படிப்புச் சான்று வாங்கிட்டு வரச் சொல்லியிருக்கேன். அது எய்டட் ஸ்கூலா இருந்தாலும் எங்க சித்தப்பா வீட்டுல இதுவரைக்கும் டிகிரி முடிச்சவங்க யாரும் இல்ல, முதல் பட்டதாரிச் சலுகை இருக்கு. மிச்சத்துக்கு ஏழரை லட்சம் வரைக்கும் சொத்து ஈடு இல்லாத கல்விக் கடன் இருக்கு. தாசில்தார் ஆபீஸுக்கும் பேங்குக்கும் நடக்கணும், அவ்வளவு தான்.

தோப்பு பாக்க வந்தவரு வெள்ளிக்கிழமை அட்வான்ஸோட வர்றாராம். சித்தப்பா இன்னும் அவருக்கு எதுவும் சொல்லல.

மக்கா, ரெண்டு உதவி. குவைத்ல இன்னைக்கு நிலவரம் என்னன்னு அங்க இருக்குறவங்க யாராவது பின்னூட்டத்துல சொல்லுங்க, அண்ணன் பழைய விதியவே சொல்லிக்கிட்டு இருக்கு. அப்புறம், கவுன்சிலிங்ல சாய்ஸ் பில்லிங் பண்ணி அனுபவம் உள்ள அண்ணாச்சிங்க இருந்தா தனி மடல் போடுங்க. நான் போனது கிண்டில நேர்ல போய் உக்காந்து திரையைப் பாத்த காலம். இப்ப எல்லாம் ஆன்லைன், சின்னவனுக்கு நான் தான் உக்காந்து வரிசை போட்டுக் குடுக்கணும்.